முனாபின் வலது கை

1997 ஓகஸ்ட் 12: றிவோல்வர், பழையது. ரூ. 38,500
2025 ஜனவரி 20: பிஸ்டல், புதியது. ரூ. 4,60,000
2025 ஜனவரி 31: எம். முனாப், காவல், மாதச் சம்பளம். ரூ. 42,000

தேநீர்க் கோப்பையை முனாப் இடது கையால்தான் வாங்குவார். வலது கை இடுப்புத் துப்பாக்கியை விட்டு நகராது. குடிக்கும்போது மட்டும் கோப்பை வலது கைக்கு மாறும். அந்த நேரம் இடது கை இடுப்புக்குப் போய்விடும்.

புளியந்தீவில் நான் கணக்கு எழுதும் நகைக்கடையின் காவலர் அவர். பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி கைறுன்னிஸா காலமாகி நான்கு வருடம். மகள் அம்னா கட்டாரில். லீவு நாளிலும் காத்தான்குடியிலிருந்து பஸ் ஏறி, பூட்டிய கடையின் வாசலில் வந்து உட்காருவார்.

"ஊட்டுல சுவரோட எவ்வளவு நேரம் கதைக்கிற, கிளாக்கர் ஐயா?"

கேட்காமலே துப்பாக்கிக் கதை வரும். "றிவோல்வர்ல ஒரு ரவை வெடிக்காட்டி என்ன? திரும்ப இழுங்க, அடுத்தது வந்திரும். பிஸ்டல்ல ஒண்டு சிக்கினா, பின்னால நிக்கிறதெல்லாம் சங்கக்கடை அரிசி வரிசைதான், அசையாது." ஆனால் வாவிக் காற்றின் உப்பில் பழையது துருப்பிடிக்கும் என்பதையும், புதியதற்கு அந்தக் கவலை இல்லை என்பதையும் மறைக்க மாட்டார்.

ஜனவரியில் முதலாளி நௌஷாட் பழையதையும் புதியதையும் மேசையில் வைத்தார். முனாபை அவர் அண்ணன் முறையில் 'காக்கா' என்றே அழைப்பார். "லைசன்ஸுக்கு ஒண்டைத்தான் வெச்சிக்கலாம், காக்கா. எது? நீங்க செல்றதுதான்."

புதியதன் மேல்பாகத்தை முழுதாகப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் ரவை குழாய்க்குள் ஏறும். முனாப் இழுத்தார், பாதியில் நின்றது. மீண்டும் இழுத்தார். மூட்டு வீங்கிய விரல்கள் வழுக்கின.

"வேர்வை," என்றார்.

நௌஷாட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பழசையே வெச்சிக்குவம், காக்கா. உங்களுக்குப் பழகின சாமான்."

அத்தோடு விட்டிருந்தால் மார்ச்சிலும் அவர் வாசலில் இருந்திருப்பார். முனாப் றிவோல்வரை எடுத்து, ரவைகளைக் கழற்றிவிட்டு, உருளையை விரலால் அசைத்தார். அது ஆடியது.

"குழாய்க்கு நேரா நிக்குதில்ல, தம்பி. சுட்டா ஈயம் பக்கத்தால தெறிக்கும். கடைக்கு வாற பொம்புளையள்ட கண்ணுல படும்." றிவோல்வரை மேசையில் வைத்தார். "புதுசுதான் சரி."

"அப்ப அதை ஆரு இழுக்கிற?"

முனாப் துணியை எடுத்து, புதிய பிஸ்டலில் பதிந்திருந்த தன் விரல் தடங்களைத் துடைத்து வைத்தார்.

அவரை வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதத்தை நானே காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவரின் வலது கை, சாரம் கட்டிய வெறும் இடுப்பில், துப்பாக்கி இருந்த இடத்தில் இருந்தது. இடது கையை நீட்டி வாங்கினார். பிறகுதான் நினைவு வந்தவர்போலக் கடிதத்தை மெல்ல வலது கைக்கு மாற்றினார். கடிதத்தில் திகதி: 2025 பெப்ரவரி 28, வெள்ளி.