குளிர்காலம் இல்லாத திட்டம்

இறைச்சி பொதிந்த பாஸ்டி ரொட்டி விற்கும் கடையில் வரிசை நகர்ந்து தன் முறை வந்ததும் காலின் டிரம்பாத் காதில் செருகியிருக்கும் அரைப் பென்சிலை எடுக்கிறார். பழைய உறையின் பின்பக்கத்தில் ‘2’ என்று எழுதுகிறார். அதைப் பார்க்கிறார். அதன் கீழே இன்னொரு ‘2’ எழுதுகிறார். பிறகுதான் வாய் திறக்கிறார். “ரெண்டு குடும்மா.” ஒன்று மதியத்துக்கு, ஒன்று இரவுக்கு. வருஷக்கணக்கில் இதே இரண்டுதான்.

பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள்.

“என்ன காலின், விடை சரியா வந்துச்சா?”

“இன்னைக்கு வந்திருக்கு” என்பார், சிரிக்காமல்.

எழுபத்து மூன்று வயது. நல்ல உயரம். பள்ளிக்கூடத்து மேசைகளின் மேல் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது. முழங்கை இரண்டிலும் ஒட்டுப் போட்ட பச்சை ஸ்வெட்டர். முழுப் பென்சில் அவரிடம் இருந்து நான் பார்த்ததில்லை. வாங்கியதும் இரண்டாக அறுத்துவிடுவார். ‘ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கணும்ல?’ நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வல்லாரூவில் ஐம்பது வயதுக்காரர்கள் பலர் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் சிகரெட்டைப் பின்னால் மறைக்கிறார்கள்.

ஊரில் அவருக்கு ‘இல்லேன்னா’ என்று பட்டப்பெயர். சனிக்கிழமை ஆட்டத்தில் நம்ம பசங்கதான் ஜெயிப்பார்கள் என்று யாராவது சொன்னால், “அப்படி இல்லேன்னா?” என்பார். நாளைக்குக் காற்று அடங்கிவிடும், நண்டு வாரப் போகலாம் என்றால், “அடங்கலேன்னா?” கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும். அவர் குரலில் குத்தல் இருக்காது. பதில் தெரிந்தாக வேண்டும் என்ற கவலைதான் இருக்கும்.

நான் இந்த ஊர்த் தபால் நிலையக் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். ஓய்வு பெற்றபின் வியாழக்கிழமைகளில் ஊர் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலினும் வருவார். நின்றுபோன கடிகாரங்களையும் ஊமையான ரேடியோக்களையும் பேச வைப்பது அவர் வேலை. அலமாரியில் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. விசைப்பலகையே பெட்டி, பெட்டியே கம்ப்யூட்டர். திரைக்குத் தொலைக்காட்சியோடும், நிரலை ஏற்ற டேப் ரெக்கார்டரோடும் இணைக்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்லாமல் காலினைப் பற்றிச் சொல்ல முடியாது.

1984இல் பள்ளி விடுமுறை ஒன்றில் காலின் அந்த இயந்திரத்துக்கு ஒரு நிரல் எழுதினார். புதிதாகக் கடை வைக்க நினைப்பவர்களுக்கானது. ‘முன்பார்வை’ என்று பெயர். திரையில் கேள்விகள் வரும். வாரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை பேரை வேலைக்கு வைப்பீர்கள்? எந்தெந்த மாதங்களில் கூட்டம் குறையும்? எல்லாவற்றுக்கும் பதில் அடித்தால், ஐந்து வருஷத்துக்கு மாதம் மாதமாக உங்கள் தொழில் எப்படி நடக்கும் என்று ஓரத்தில் துளையிட்ட நீளத் தாளில் அச்சடித்துத் தரும். பெரும்பாலும் பெரிய கம்பெனிகளே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட காலத்தில், சமையலறை மேசையில் கிடக்கும் ஒரு பெட்டி அதைச் செய்தது.

அவர் மனைவி வெர்னா இரண்டு ரெக்கார்டர்களை வைத்துக் கேசட்டுகளைப் பிரதி எடுப்பார். டேப் ஓடும்போது யாரும் தரை அதிர நடக்கக் கூடாது. ஒரு பத்திரிகையில் சின்ன விளம்பரம் போட்டார்கள். மொத்தம் இருநூற்று அறுபத்து மூன்று பேர் வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் முகவரி. முதல் அட்டையில் இருந்த பெயர் நெவில் பென்பெர்த்தி.

நெவில் காலினோடு சேர்ந்து வளர்ந்தவர். ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கத்தில் டீக்கடை வைத்து, கூடவே துடுப்புப் படகுகளை வாடகைக்கு விட ஆசைப்பட்டார். காலின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள். அந்த நாளைக் காலின் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், வார்த்தை மாறாமல்.

“ஜூன், ஜூலை எப்படிடா?”

“செத்த மாசம். கடல்காக்காகூட வராது.”

“அப்போ குறைச்சலாவே போடறேன்.”

“போடு, போடு. உன் பொட்டிக்குக் குளிர் தெரியட்டும்.”

அக்டோபரில் கடை திறந்தது. முதல் வருஷம் தாளில் இருந்தபடியே நடந்தது. ஜூனில் தாளும் படுத்தது, கடையும் படுத்தது. நெவில் அந்தத் தாளை எண்ணெய்ச் சட்டிக்கு மேல் ஆணியடித்து மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். “நான் சொல்லலப்பா, இது சொல்லுது!” அடுத்த வருஷத்துக்கும் தாள் தெம்பாகத்தான் சொன்னது. அதை நம்பி இன்னும் நான்கு படகு வாங்கினார். வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டார். 1986 ஜூன் வந்தது. மழை விடவில்லை. ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த ஜூனில் கடையை மூடினார்கள். நெவில் வடக்கே சுரங்க வேலைக்குப் போனார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். 1988 மார்ச்சில், வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில், நல்ல வெளிச்சத்தில், நேர்ச்சாலையில், வண்டி விலகி மரத்தில் மோதியது. தூங்கியிருப்பார் என்றார்கள். பத்து வருஷம்கூட ஆகாத கல்யாணம். மனைவி டல்சிக்கு அப்போது நாற்பது வயது.

அந்த ஆகஸ்டில் டாஸ்மேனியாவிலிருந்து காலினுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். ஒரே வரி. ‘ஐயா, உங்கள் திட்டத்தில் என்னுடைய இரண்டாவது வருஷக் குளிர்காலம் எங்கே போயிற்று?’

காலின் உட்கார்ந்து பார்த்தார். அந்த இயந்திரத்தின் நினைவகம் மிகச் சின்னது. இடம் போதாமல் அவர் ஒரு வரியைச் சுருக்கியிருந்தார். சுருக்கிய வரியில் பிழை விழுந்துவிட்டது. கூட்டம் குறையும் மாதங்களை நிரல் முதல் வருஷத்தில் மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இரண்டாம் வருஷத்திலிருந்து ஜூனும் ஜூலையும் அதற்கு நல்ல மாதங்கள்தான். காலினின் நிரலில் குளிர்காலம் ஒரே ஒரு முறைதான் வந்தது. சோதித்துப் பார்த்தபோது அவர் முதல் வருஷத்தை மட்டும்தான் கையால் கூட்டிச் சரிபார்த்திருந்தார். எந்த எண்ணையும் இரண்டு முறை எழுதிப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

எல்லோருக்கும் எழுதப் போவதாகச் சொன்னதும் வெர்னா தடுத்தார்.

“அட்டைகளை எரிச்சிடு காலின். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

“சரி, மத்தவங்களுக்கு எழுது. டல்சிகிட்ட என்னன்னு சொல்லுவே? சொன்னா நெவில் எழுந்து வந்துடுவானா?”



செப்டம்பரில் ஒரு காலை அவர் என் கவுண்டருக்கு வந்தார். தள்ளுவண்டி நிறையப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் திருத்திய கேசட் ஒன்றும் மன்னிப்புக் கடிதம் ஒன்றும். முத்திரை குத்திக் குத்தி எனக்குக் கை வலித்துப் போயிற்று. கடைசியாக ஒரு பொட்டலத்தை அவர் மேசை மேல் வைத்தார். நான் எடுப்பதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டார். டல்சியின் பெயரைப் பார்த்துவிட்டேன்.

“இது வேணாம் பெவ். ரெண்டு தெரு தள்ளித்தானே, நானே கொடுத்துடறேன்.”

முப்பத்தாறு வருஷம் கொடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக அவர் செய்தது என்னவென்றால், ஒன்று விட்ட சனிக்கிழமைகளில் டல்சியின் புல்லை வெட்டினார். கூரைக் குழாயில் அடைத்த இலையை வாரினார். வேலி சாய்ந்தால் நிமிர்த்தினார். நெவிலுக்கு உயிர் நண்பன், செய்கிறான் என்று டல்சி நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மற்றவர்களிடமிருந்து முப்பத்தொரு பதில்கள் வந்தன. சிலர் திட்டியிருந்தார்கள். ஒருவர், ‘கவலைப்படாதீர்கள், உங்கள் நிரலை நான் ஒருநாளும் நம்பியதில்லை, என் மனைவிதான் கணக்குப் போட்டாள்’ என்று எழுதியிருந்தார். அதைக் காலின் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சிரித்தேன். அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

வெர்னா நான்கு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். சொல்லாதே என்று தடுக்க வீட்டில் யாரும் இல்லை. அப்போதும் அவர் போகவில்லை.

போன குளிர்காலத்தில் அவரைப் போக வைத்தது நான்தான். தெரிந்து செய்யவில்லை. நம் ஊரிலேயே எழுதப்பட்ட நிரலை மக்களுக்கு ஓட்டிக் காட்டுவோம் என்று அருங்காட்சியகத்தில் முடிவு செய்தோம். முதல் வாடிக்கையாளர் நெவில் என்று அட்டையில் இருந்ததால், தொடங்கி வைக்க டல்சியை நான் போய் அழைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். புது ப்ளவுஸ் வாங்கப் போவதாகச் சொன்னார். நான் வந்து காலினிடம் சொன்னேன். அவர் ஒரு ரேடியோவின் பின்மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகாணியை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“வர்றேன்னா சொன்னா?”

“புது ப்ளவுஸ் போட்டுக்கிட்டு வர்றாங்களாம்.”

மறுநாள் காலை அவர் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டல்சி வீட்டுக்குப் போனார். பின்னால் நடந்ததை இரண்டு பேருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

டல்சி பின்வாசலில் கிழங்கான் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். கடிதத்தில் 1988 என்று தேதி. எல்லோருக்கும் போன அதே அச்சுக் கடிதம். ‘அன்புள்ள வாடிக்கையாளருக்கு’ என்று தொடங்கியது. அவர் கடைசி வரை படித்தார். மறுபடி முதல் வரிக்கு வந்தார்.

“வாடிக்கையாளரா? எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னு மோதிரத்தைப் பையில வெச்சிருந்தவன் நீதானடா.”

“வேற எப்படி எழுதறதுன்னு தெரியல டல்சி.”

“அவன் கடைசியாக் கிளம்பினப்போ நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்தும் உனக்குப் பொழைக்கத் தெரியலையே’ன்னேன். வாசல்ல நின்னு சொன்னேன். அதுதான் கடைசி. அவன் திரும்பிக்கூடப் பார்க்கல.”

டல்சி கடிதத்தை மடித்தார்.

“இத்தனை வருஷம் அவனைத்தான் கையாலாகாதவன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ என் புல்ல வெட்டிட்டிருந்தே.”

“டல்சி—”

“போயிடு. இனிமே இந்தப் பக்கம் வராதே.”

அவர் போய்விட்டார். அவருடைய புல்வெட்டும் இயந்திரம் டல்சி வீட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. அவர் கேட்கவில்லை, டல்சியும் அனுப்பவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது புல் முழங்கால் உயரம் நின்றது.

கண்காட்சியை டல்சி இல்லாமலே தொடங்கினோம். டேப் கீச்சிட்டு ஏறுவதற்குள் ஐந்து நிமிஷம் ஆகிவிடும். வந்தவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். காலின் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசி வியாழன். மழை. வேறு யாரும் வரவில்லை. குடையை வாசலிலேயே போட்டுவிட்டு டல்சி உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தத் திருத்திய கேசட்டை எடுத்துக் காலின் முன்னால் வைத்தார்.

“இதைப் போடு. நெவில் அன்னைக்கு என்ன சொன்னானோ அதையே நான் சொல்றேன். நீ அடி.”

“எதுக்கு டல்சி இப்போ?”

“பார்க்கணும். அந்த ஜூன்ல அவனால தாக்குப்பிடிச்சிருக்க முடியுமா, முடியாதான்னு பார்க்கணும்.”

நான் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அவர் உட்காரவில்லை. டேப் கீச்சிட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷமும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பிறகு கேள்விகள் வந்தன. டல்சிக்கு எல்லாம் நினைவிருந்தது. எத்தனை படகு, எத்தனை மேசை, கோடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை பேர். கூட்டம் குறையும் மாதங்கள்?

“ஜூன், ஜூலை” என்றார் டல்சி.

காலின் அடித்தார். அடித்ததை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். முதல் வருஷம் திரையில் வந்து போனது. இரண்டாம் வருஷம் தொடங்கியது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று வரிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் இறங்கின. மார்ச். ஏப்ரல். மே. அடுத்த வரியாக ஜூன் முளைக்கும்போது காலினின் கை தானாக நீண்டு திரையின் மேல் விழுந்தது. விரல்களின் இடுக்கில் வெளிச்சம் பச்சையாகக் கசிந்தது. மழைச் சத்தம் கேட்டது.

“கைய எடு காலின்” என்றார் டல்சி.

காலின் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திரைக் கண்ணாடியோடு ஒட்டியிருந்த தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை எடுத்தார்.