தூரவோ?

என் அப்பா எச்சில் கையால் காகம் விரட்டமாட்டார் என்பது எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவர் எழுபதுகளின் நடுவில், சிட்னியிலிருந்து எங்களைத் தென் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார் என்றால் யார் நம்புவார்கள்? செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த சிலி நாட்டுக்காரர் ஒருவரின் அக்கா, வால்பரைசோ நகரத்தில் மலிவாக அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மலிவு என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அப்பாவுக்குப் பசிபிக் சமுத்திரமும் ஒரு வாய்க்கால்தான்.

பின்னேரம் பஸ்ஸில் போய் இறங்கினோம். கீழே பழைய துறைமுகம், அதைச் சுற்றிக் குன்று குன்றாக நிறம் பூசிய தகர வீடுகள். குன்றுகளில் ஏறுவதற்குத் தண்டவாளத்தில் இழுபடும் மரப்பெட்டிகள் இருந்தன. அந்த அக்காவின் வீடு ஏதோ ஒரு பெட்டி ஏறும் குன்றின் மேலே. டாக்சி பிடிப்போம் என்று அம்மா சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. எங்களையும் சூட்கேஸ்களையும் ஒரு சதுக்கத்தில் நிறுத்தினார்.

"வீட்டைக் கண்டுபிடிச்சுப்போட்டு வாறன்."

"எங்கை..." என்று நான் தொடங்கவும் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்காதாம். அதற்காக எங்கள் ஆட்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"தூரவோ?"

"இல்லை, கிட்டத்தான்."

இதிலிருந்து என்னத்தைத் தெரிந்துகொள்வது! எந்தக் குன்று, எந்தப் பெட்டி, ஒன்றும் தெரியாது.

வெயில் இறங்கியது. அப்பாவைக் காணவில்லை. அந்த நாட்டில் அப்போது இராணுவ ஆட்சி, இரவில் ஊரடங்கு. கடைக்காரர்கள் கதவுகளை இழுத்து மூடத் தொடங்கினார்கள். துவக்கோடு வந்த ஒரு சிப்பாய் ஏதோ கேட்டான். அம்மா குன்றுகளைக் காட்டினார். எந்தக் குன்று என்று அவன் கையாலேயே கேட்டான். அம்மாவின் விரல் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போய் அந்தரத்தில் நின்றது. அவன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

"நீங்கள் கேட்டிருக்கலாம் அம்மா."

"வாயை மூடடி!"

அப்பா இனி வரமாட்டார், நாங்கள் இந்தச் சதுக்கத்திலேயே கிடக்கப்போகிறோம் என்று நான் முடிவுகட்டி அழத் தொடங்கியபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிராத பக்கத்திலிருந்து அப்பா வந்தார்.

"பிழையான குன்றிலை ஏறிப்போட்டன். ஆனால் இஞ்சேர், சொன்னதிலும் குறைச்சு அறை எடுத்திட்டன்!"

மரப்பெட்டி கிறீச்சிட்டு மேலே ஏற ஏற, அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை அப்பா வெளியே புறப்பட்டார். இன்னொரு தடவை அப்படிக் காத்திருக்க என்னால் முடியாது. சகுனம் எல்லாம் தமிழுக்குத்தானே என்று நினைத்து, இங்கிலிஷில் கேட்டுவிட்டேன்.

"வேர் ஆர் யூ கோயிங், டாட்?"

"பாண் வாங்க" என்று அப்பா ரொட்டிக் கடைக்குப் படியிறங்கினார்.

அம்மா வெறுங்காலோடு ஓடினார். "இஞ்சாருங்கோ! ஐயோ, திரும்புங்கோ!" தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பாவை இழுத்து வந்து கதிரையில் இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். தடங்கல் வந்தால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். "இங்கிலிஷுக்குமோ?" என்று அப்பா கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் பிறப்பதற்கு முன், கொழும்பில் கலவரம் மூண்ட காலையில், வாசலில் இறங்கிய தன் தம்பியை அம்மா "எங்கையடா போறாய்?" என்று கேட்டார் என்பதும், அவர் திரும்பி வரவே இல்லை என்பதும் எனக்கு அன்று தெரியாது. அப்பா தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அம்மா அவருடைய சட்டையை விடவில்லை. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.