அவள் பேருக்கு ஓர் அர்ச்சனை

வெட்கத்தால் பல வருடம் எழுதத் தயங்கிய சம்பவம் இது.

மறுநாள் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். அவள் நலமாக வேண்டி அர்ச்சனை செய்ய டவுண் காந்திமதி அம்மன் சந்நிதிக்குப் போனேன். அர்ச்சகர் அவள் நட்சத்திரத்தைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்!

பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்தார். "சாதகம் பாத்துதான கெட்டியிருப்பிய அண்ணாச்சி?"

ஆஸ்பத்திரியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டு, அவள் பேருக்கு அர்ச்சனை செய்ய நட்சத்திரத்தைக் கேட்டேன்.

"எனக்கெதுக்கு? வீட்டுத் தலைவன் பேருக்குப் பண்ணினாப் போதும்னு நீங்கதான சொன்னிய" என்றாள். குரலில் கோபமே இல்லை.

கல்யாணமான புதிதில் நான் அதட்டிச் சொன்னதுதான். அன்றிலிருந்து வெள்ளிதோறும் என் பேருக்கு மட்டுமே அர்ச்சனை செய்து வந்திருக்கிறாள். அம்மன் முன்னால் என்னால் தலைநிமிர முடியவில்லை.

"நட்சத்திரத்தைச் சொல்லுளா" என்று கெஞ்சினேன்.

"சுவாதி. ஏன், ஒங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அம்மன் அருளால் அவள் நலமாக வீடு திரும்பினாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்தே போகிறோம். அவள் பேரைத்தான் முதலில் சொல்கிறேன். "சத்தமாச் சொல்லாதிய" என்று முழங்கையால் இடிக்கிறாள். முகம் மட்டும் மலர்ந்திருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். என் தப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.