மெக்டில்ட் கேட்ட சேறு

எங்கள் ஹுன்ஸ்ரூக் மலையூரில் பக்கத்து வீட்டு மெக்டில்டைப் போல இழுத்துப்போட்டு வேலை செய்கிறவள் யாருமில்லை. மேலே பழங்காலக் கெல்ட் மக்கள் அடுக்கிய கல்மதில், கீழே ரோமானியர் வீட்டு அடித்தளம். இரண்டையும் சேர்த்து, மலையேற வருகிறவர்களுக்கு நடைபாதை கொண்டுவந்தது அவள்தான். பெயிண்ட் டப்பாவோடு போய் மரங்களில் வழி அடையாளமும் வரைவாள். நடக்க வருகிறவர்களுக்குச் சமையலறை ஜன்னல் வழியாக உருளைக்கிழங்கு சூப் விற்பாள். பிள்ளைகள் நகரத்துக்குப் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த ஜன்னல்தான்.

போன வசந்தத்தில் பாதைக்குத் தரமுத்திரை கொடுக்கலாமா என்று பார்க்க ஆய்வாளர் வருவதாகச் செய்தி வந்தது. முத்திரை கிடைக்காவிட்டால் பாதையை அடுத்த ஊர் வழியாகத் திருப்பிவிடுவார்கள்.

சனிக்கிழமை தெருவைக் கூட்டாதவனை மனிதனாகவே மதிக்காத ஊர் எங்களுடையது. ஆய்வாளரைச் சேற்றில் நடக்கவிடுவார்களா? மெக்டில்ட் மகளைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில், அவள் கணவன் எர்வின் தலைமையில் ஆண்கள் டிராக்டரோடு கிளம்பினார்கள். மதிலுக்குக் கீழே மண்பாதை முழுக்கச் சரளை கொட்டி, உருளை ஓட்டி மட்டமாக்கினார்கள். அவர்களுக்குக் கேக் சுட்டது நான். நன்றாகவே வந்தது.

ஆய்வுக்கு முந்தைய நாள் மெக்டில்ட் திரும்பி வந்தாள்.

"எர்வின், யாரு பார்த்த வேலை இது?"

"எல்லாரும் சேந்துதான், உனக்காக. ஷூவுல ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது பாரு."

"ஒட்டணும். மண்ணு, புல்லு, வேரு இருந்தாத்தான் மார்க். இப்படி அமுக்கி வச்சா குறைச்சுடுவாங்க."

"சேத்துக்கு மார்க்கா? எந்தப் பைத்தியக்காரன் வச்ச சட்டம்?"

"ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கென்ன?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

அமுக்கிய சரளையை ஒரே நாளில் அள்ள முடியாது. அந்தப் பாதையை ஒட்டித்தான் மெக்டில்டின் ஆப்பிள் தோட்டம். என் கோழி நுழைந்தாலே கத்துவாள். விறுவிறுவென்று தோட்டத்து வேலியண்டை போனாள்.

"எர்வின், வேலியப் பிடுங்கு."

"நான் போன வருஷம் போட்ட வேலியவா?"

"ஆமா. பாதை இனிமே இந்தப் புல்லு வழியாப் போகட்டும்."

"அப்ப என் கோழி வரலாமா?" என்றேன் நான்.

"நடக்கத் தெரிஞ்ச எதுவும் வரலாம். நீயும் வா, கம்பத்தப் பிடி."

மறுநாள் ஆய்வாளர் அம்மாள் தோட்டத்து ஈரப்புல்லில் இறங்கி, பூட்ஸ் முழுக்க மண் அப்பிக்கொண்டு மதிலுக்கு ஏறினாள். திரும்பி வந்து இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டாள். முத்திரை உண்டென்று அப்போதே சொல்லிவிட்டாள்.

இப்போது பாதை சமையலறையை உரசிக்கொண்டு போகிறது. கைக்கெட்டும் ஆப்பிள் எதுவும் மரத்தில் தங்குவதில்லை. எர்வினையும் மெக்டில்ட் கரண்டியோடு ஜன்னலில் நிறுத்திவிட்டாள். வருகிறவர்களிடம் அவன் ரோமானியரைப் பற்றி அளக்கிற கதையில் பாதி பொய். அவள் திருத்துவதே இல்லை. கதை கேட்டு உட்காருகிறவர்கள் இன்னொரு கிண்ணம் வாங்குகிறார்கள்.