பால் வராத கள்ளி

ராமநாதபுரத்துக்காரனுக்குக் கள்ளி என்றால் வேலி. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்து நான் வாய்பிளந்து நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மஸ்கட் பக்கத்து மலையில் ரோடு போடும் வேலைக்கு சர்வே ஹெல்பராகப் போனேன். அளவுகோலைப் பிடித்து நிற்க வேண்டும், சொன்ன இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். மண்ணே இல்லாத கல் சரிவு. மழை பெய்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். அதில் இலையே இல்லாமல் குச்சி குச்சியாக ஒரு செடி பச்சையாக நின்றது. ஊர்ப் பழக்கத்தில் ஒரு குச்சியை ஒடித்தேன். பால் சொட்டியது. நாங்கள் குடிக்கவே லாரியில் தண்ணீர் வர வேண்டிய இடத்தில் இதற்கு எங்கிருந்து இத்தனை பால்? அப்படியே மலைத்துப் போனேன்.

அன்றிலிருந்து எனக்கு இதுவே வேலையாகிவிட்டது. டூட்டி நேரத்திலும் கண் செடி தேடியது. பாறை நிழலில் ஒரு புதர் கிடைத்தது: நாலு பட்டையாகத் தடித்த தண்டுகள், நுனியில் மொட்டுக் கொத்து. ஒடித்தால் பால் இல்லை, வெறும் தண்ணீர்தான். ஊரில் ஆடு மேய்க்கும்போது பிடுங்கித் தின்போமே, அந்தக் கள்ளிமுளையானேதான் என்று முடிவுகட்டி ஒரு துண்டைக் கடித்தும் பார்த்தேன். ஒரே கசப்பு. இந்த ஊர் வெயிலில் கசந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ரோட்டின் நடுக்கோடு அந்தப் புதர்மேலேயே போனது. அந்த முளைக்குச்சியை அடித்தவனும் நான்தான். சனிக்கிழமை புல்டோசர் வரும் என்றார்கள். கேம்ப் ஸ்டோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவன்று கடப்பாரையோடு கிளம்பினார்.

பாதி ஏறும்போதே நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"ஆடு ஏதும் செத்துக் கிடக்குது போல," என்றார் அண்ணன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு பாறை இடுக்கெல்லாம் தேடினோம். ஆடு இல்லை. பூத்திருந்தது என் செடி. உருண்டை உருண்டையாக, காய்ந்த ரத்த நிறத்தில் பூக்கள். அதன்மேல் ஈக்கள் மொய்த்தன. இறைச்சி என்று நினைத்து முட்டைகூட இட்டிருந்தன.

"இதைத்தானோ நீர் கடிச்சுத் திண்டனீர்?"

"கள்ளிமுளையான்னு நினைச்சேண்ணே. எங்க ஊர்ல இப்படி நாறாது."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம் உடம்பு சிலிர்த்தது. தேனீ பறக்காத மலையில், பிணம்போல் நாறியாவது மகரந்தம் சுமக்க ஆள் பிடித்துவிட்டதே இது! இதைத் தெரிந்தவன் மாதிரி பேசியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

வேர் அறாமல் தோண்ட இரண்டு மணி நேரம் ஆனது. சட்டையைக் கழற்றி அதில் புதரை ஏந்தி, ரோட்டு முளைக்குச்சிகளுக்கு எட்டாத மேல்சரிவில் ஒரு பாறை இடுக்கில் வைத்தோம். ஈக்களும் கூடவே ஏறி வந்தன. நான் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனேன். "வேண்டாம், அழுகிப்போகும்," என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் டோசர், செடி முதலில் நின்ற பாறையைப் புரட்டிப் போட்டது. மேலே பார்க்கத் துணிச்சல் இல்லாமல் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளி போனபோது பூக்கள் கருகியிருந்தன. தண்டைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாட்டம் இருந்தது. பிழைத்துவிட்டது.

சில மாதம் கழித்து, தார் போட்டு முடிந்த சமயத்தில், ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாகக் காய்கள் நின்றன. ஏமாந்த ஈக்கள் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தன. ஒரு காய் எங்கள் கண்ணெதிரே வெடித்தது. விதைகள் பஞ்சைக் கட்டிக்கொண்டு எழும்பி, நாங்கள் போட்ட ரோட்டைத் தாண்டி எதிர்மலைக்குப் பறந்தன. அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அழுதேன்.