மைக் அக்காவும் எட்டு நிமிடமும்

மைக் அக்காவின் குரலை ஒரு நாளைக்குப் பல ஆயிரம் பேர் கேட்கிறார்கள். ஆனால் அது அவருடைய குரல் என்று தெரிந்தவர்களைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவர் வேலை. இருபத்தொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மக்கள் தொடர்பு பற்றிய மாலை நேரப் பட்டயப் படிப்பில் அவர் என் பக்கத்து இருக்கை. முதல் நாள் வருகைப் பதிவில் "உள்ளேன் சார்" என்று பூனைக்குட்டி மாதிரி முனகியவரைத் திரும்பிப் பார்த்தேன். என்ன வேலை என்று துருவித் துருவிக் கேட்டு ஒரு வாரத்தில் கறந்துவிட்டேன். மைக் அக்கா என்ற பெயரும் நான் வைத்ததுதான். வகுப்பில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது.

படிப்பை முடிக்க ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று ஒரு தலைப்பில் பேச வேண்டும். தலைப்பு சீட்டுக் குலுக்கலில் வரும். எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை, பத்தாவது நிமிடம் சார் மணி அடிப்பார். எனக்குத் தலைக்கவசம் வந்தது, வெளுத்து வாங்கிவிட்டேன். அக்காவுக்கு வந்தது கொசு ஒழிப்பு.

முதல் தடவை அவருக்குக் காய்ச்சல். அது பொய்க் காய்ச்சல் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை எழுந்து போனார். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டு, யாரும் கை தட்டுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் கோட்டை விட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் நிலையத்தில் காலியாகப் போகும் அறிவிப்புப் பிரிவின் பொறுப்பாளர் பதவியும் கிடையாது. பதவி மேல் அக்காவுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இப்போது பார்ப்பது இரவு வேலை, அது பகல் வேலை, அதுதான் விஷயம்.

"எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு உள்ள வருவார், நான் செருப்பு மாட்டிக்கிட்டு வெளிய போவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து வாசப்படியிலதான் குடும்பம் நடத்துறோம். ஒரு வேளை சாப்பாடாவது தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்மா" என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊசியைப் பார்த்ததும் பொத்தென்று விழுகிற மீசைக்காரர்களையெல்லாம் சமாளித்திருக்கிறேன். அந்த மமதையில் அக்காவுக்கு யோசனைகளை அள்ளி விட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசுங்கள், பின்சுவரைப் பாருங்கள், வெந்நீர் குடியுங்கள் என்றேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் வேகம் கூடியது. வெந்நீர் நாக்கைச் சுட்டதுதான் மிச்சம்.

போன வாரம் கொசு பற்றிய குறிப்புகளைக் கொடுக்க நிலையத்துக்கே போனேன். அவருடைய அறை படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மேஜை, ஒரு மைக், அதன் அடியில் பச்சைப் பொத்தான், ஒரு தொலைபேசி. பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் குரல் வெளியே போகும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, ஒரு வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வருவதாகச் சொல்லி முடித்தார். வகுப்பில் முனகுகிற ஆளா இது? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடுத்த நொடி தொலைபேசி அலறியது. வண்டி இரண்டுக்கு வரவில்லை, நான்குக்கு வருகிறது. எங்கள் தலைக்கு மேலே படிக்கட்டில் நூறு கால்கள் தடதடவென்று தப்பான பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

"சொல்லுங்கக்கா, சீக்கிரம் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

அவர் இடது கையைத் தூக்கி என்னை அடக்கினார். கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி உதட்டுக்குள் ஐந்து வரை எண்ணினார். அப்புறம் அழுத்தினார்.

"திருத்தம்."

ஒரே ஒரு சொல். விரலை எடுத்துவிட்டார். தலைக்கு மேலே கால்கள் அப்படியே நின்றன. அதற்குப் பிறகுதான், சாவகாசமாக, நான்காவது நடைமேடை என்று இரண்டு தடவை சொன்னார். கால்கள் திரும்பி நடந்தன, ஒன்றுகூட ஓடவில்லை.

"ஓடறவங்க காதுல எதுவும் விழாதும்மா. முதல்ல நிக்க வைக்கணும், அப்புறம் சொல்லணும்" என்றார் அக்கா. "வேலைக்குச் சேந்த புதுசுல பதறிப்போயி படபடன்னு சொல்லிட்டேன். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். படியில ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து அவசரமே படறதில்ல."

"இங்க ஆயிரம் பேர். அங்க இருபத்தஞ்சு பேர். அதுக்குப் போயா இப்படி நடுங்குறீங்க?"

"இந்த ஆயிரம் பேரும் என் மூஞ்சியப் பாக்கலையே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குறிப்புகளை மேஜையில் வைத்துவிட்டு, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று வந்துவிட்டேன். அன்று இரவு முழுக்க அவருக்காக நான்தான் புரண்டு புரண்டு படுத்தேன்.

நேற்று அந்த நாள். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐஸ் கட்டி. கடைசி வரிசையில் சார் கடிகாரத்தோடும் மதிப்பெண் தாளோடும் உட்கார்ந்தார். அக்கா முன்னால் போய் நின்றார். ஆரம்பித்தார். ஐயோ, அதே வேகம்! தண்ணீர், முட்டை, புழு என்று நாலு கால் பாய்ச்சல். ஐம்பது விநாடியில் பாதிக் குறிப்பு காலி.

"பெண் கொசுதான் நம்மைக் கடிக்கும். அது மாலை நேரத்தில் இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்பட்டு..."

வகுப்பே வெடித்தது. "அது எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா?" என்று எங்களோடு படிக்கும் மருந்துக்கடைக்காரர் மேஜையைத் தட்டினார். சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு நிமிர்ந்தால், அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கண் கதவுப் பக்கம் போனது. போச்சு, ஓடப் போகிறார் என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் ஓடவில்லை. வலது கட்டைவிரல் மெல்ல வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்தது. உதடு லேசாக அசைந்தது. ஒன்று, இரண்டு. எனக்குப் புரிந்துவிட்டது! மூன்று, நான்கு. சிரிப்பு அடங்கியது. ஐந்து.

"திருத்தம்."

கம்பளிச் சுவருக்குள் கேட்ட அதே குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வகுப்பில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

"கொசு, நடைமேடையிலிருந்து புறப்படுவதில்லை." விரல் எழுந்தது. ஒரு மூச்சு. விரல் மறுபடி அழுந்தியது. "நாம் மூடாமல் விட்ட தண்ணீரிலிருந்து புறப்படுகிறது."

மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அடடா, காலைல ஆறே கால் வண்டி! அது நீங்களா? பத்து வருஷமா உங்க குரலக் கேட்டுத்தாங்க ஓடிக்கிட்டிருக்கேன்!"

"எனக்கும் தெரியும் இந்தக் குரல்!" "எங்கம்மா இவங்க குரலக் கேட்டாத்தான் பெட்டியவே தூக்குவாங்க!" ஆளுக்கு ஆள் எழுந்து நின்றார்கள். சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமையில் நான் எல்லாரையும் விட உயரமாக நின்றேன்.

அக்கா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் முகமாகப் பார்த்தார், முதல் தடவையாக. விரலை வைத்தார். "எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க. கேள்விகள் கடைசியில்." இருபத்தைந்து பேரும் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்தோம்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியவில்லை என்றால் வேகத்தில் இல்லை. ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. பூந்தொட்டித் தட்டில் தேங்குகிற ஒரு கை தண்ணீர் எத்தனை கொசுவுக்குப் பிரசவ வார்டு என்று சொல்லிவிட்டு, நாங்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார். வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்க்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். பாதி வகுப்பு எழுதிக்கொண்டது. கொசுவைப் பற்றி இவ்வளவு ஆவலாக நான் எதையும் கேட்டதில்லை.

ஏழு நிமிடம். ஏழரை. நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன். எட்டு! சார் தாளில் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்குத் தெரிந்தது. தினமும் ஒரு வேளைச் சாப்பாடு, வாசப்படியில் இல்லை, வீட்டுக்குள்ளே! விசில் அடிக்கத் தெரியாமல் போனதற்காக முதல் முறையாக வருந்தினேன். அக்கா எதையும் கவனிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிடம் சார் மணியை அடித்தார்.

அக்கா கையைத் தூக்கி மணியை நிறுத்தினார். "சார், இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க."

"அம்மா, நீங்க எப்பவோ பாஸ். கையெழுத்தே போட்டாச்சு. வந்து உக்காரலாம்."

"அது சரி சார்" என்றார் மைக் அக்கா, கட்டைவிரலை எடுக்காமல். "கொசு வலையப் பத்தி யார் சொல்றது?"