தெரியாது என்று சொன்ன தலைவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, வெள்ளவத்தையில் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட்டேன். என் கோழிக்கறிக்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். படித்தவர்கள் நிறைந்த எங்கள் பகுதிச் சேவைக் கழகம் என்னையும் அங்கத்தவராகச் சேர்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அகதி முகாமுக்குக் கழகம் கொடுத்த சோறெல்லாம் என் அடுப்பில் வெந்ததுதான்.

போர்க்காலம்; தமிழன் என்றாலே சந்தேகம். ஒரு நாள் சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தெரிந்த பெரிய மனிதர் யாராவது பொறுப்பெடுத்தால் விடலாம் என்றார் அதிகாரி. நான் பதறவேயில்லை. கழகத் தலைவரான டாக்டரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "இப்பவே ஓடி வருவார், பாருங்கள்" என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்.

அதிகாரி பேசிவிட்டு ரிசீவரை வைத்தார். "அப்படி ஒருவரைத் தெரியாதாம்."

அன்றிரவு மறியலில், கம்பிக்குப் பின்னால் கிடந்தேன். காலையில் என் மனைவி பக்கத்துப் பேக்கரியின் சிங்கள முதலாளி சுனிலை அழைத்துவந்தாள். "இவரை எனக்குத் தெரியும்" என்று அவர் கையெழுத்து வைத்தார். விட்டார்கள்.

பிறகு டாக்டர் கடைக்கு வந்தார். "குறை நினையாதேங்கோ அண்ணை. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"எனக்கும் இருக்கு டாக்டர். இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அவர் உட்காரவில்லை.

முகாமுக்கு இப்போதும் சோறு அனுப்புகிறேன். கழகக் கூட்டத்துக்குப் போவதில்லை. எங்கள் தெருவில் யாரையாவது பிடித்தால், சுனிலையும் கூட்டிக்கொண்டு நேரே பொலிசுக்குப் போய், "இவரை எனக்குத் தெரியும்" என்கிறேன். என் கடையில் ஒரு நேரம் சாப்பிட்டவராக இருந்தாலே எனக்குப் போதும்.